4440 போர்டுக்கு எந்த ஸ்பீக்கர் செட் ஆகும்? முதல் பாக்ஸ் செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு 4440 போர்டு, 12 வோல்ட் அடாப்டர், பழைய டிவியில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர். தமிழ்நாட்டில் பலருடைய ஆடியோ ஆசை இப்படித்தான் தொடங்குகிறது. சில நூறு ரூபாயில் ஆம்பிளிஃபயர் தயாராகிவிடும். 'இதுக்கு ஏத்த ஸ்பீக்கர் பாக்ஸை நாமளே செஞ்சா என்ன?' என்ற கேள்வி அடுத்து வரும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. போர்டு தவறாகப் போனால் நஷ்டம் சில நூறு ரூபாய். ஸ்பீக்கர் தவறாகப் போனால் யூனிட், பிளைவுட், ஆசாரி கூலி எல்லாமே வீண். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் எனச் சொல்லப்படும் திருவெண்ணெய்நல்லூரில் இருப்பவர், தேடிய யூனிட் கிடைக்கவில்லை என்றால் விழுப்புரம் போக வேண்டும், இல்லையென்றால் புதுச்சேரி. அங்கும் இல்லையென்றால் ரயிலேறி சென்னை ரிச்சி தெரு. ஒரு நாள் போய்விடும். வாங்கியது பொருந்தவில்லை என்றால் இன்னொரு நாள். அதனால் என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

குறைந்த வாட்ஸ் ஆம்பிளிஃபயருக்கு முதல் ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

போர்டில் போட்டிருக்கும் வாட்ஸ் உண்மையா?

4440 என்று கடைகளில் கேட்டு வாங்குவது எல்ஏ 4440 என்ற ஐசி. ஜப்பானின் சான்யோ நிறுவனம் வடிவமைத்தது. 13.2 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒரு சேனலுக்கு 6 வாட்ஸ் என்பது அதன் கணக்கு. அந்த 6 வாட்ஸும் சத்தம் நன்றாகப் பிசிறடிக்கும் அளவு வரை ஏற்றினால் வருவது. சாதாரண 12 வோல்ட் அடாப்டரில் பிசிறில்லாமல் கிடைப்பது 4 ஓமில் அதிகபட்சம் நாலரை வாட்ஸ், 8 ஓமில் இரண்டேகால் வாட்ஸ் அளவுதான்.

இப்போது பரவலாக விற்கும் டிபிஏ 3116 வகை டிஜிட்டல் போர்டுகளும் அப்படியே. விளம்பரத்தில் '50+50 வாட்ஸ்' என்று இருக்கும். அது 21 வோல்ட், 4 ஓம் கணக்கு. அதே போர்டை 12 வோல்ட்டில் ஓட்டி 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால், ஒரு சேனலுக்கு 9 வாட்ஸைத் தாண்ட வழியே இல்லை. யுஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடும் குட்டி பிஏஎம் 8403 போர்டு 4 ஓமில் 3 வாட்ஸ்தான். பழைய ஹோம் தியேட்டர் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் 'பிஎம்பிஓ வாட்ஸ்' எந்தக் கணக்கிலும் சேராது.

ஆக, கையில் இருப்பது 2 முதல் 9 வாட்ஸ். இது குறைவா? இல்லை. சரியான ஸ்பீக்கர் கிடைத்தால் ஒரு அறைக்கு இது தாராளம்.

வாட்ஸை விட முக்கியமான எண் எது?

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அது. டேட்டாஷீட்டில் 83, 88, 94 என்று இரண்டு இலக்க எண்ணாக இருக்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் டெசிபல் கணக்கு வேறு மாதிரி.

• 3 டெசிபல் கூட வேண்டும் என்றால் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும்.
• 10 டெசிபல் கூட வேண்டும் என்றால் வாட்ஸ் 10 மடங்காக வேண்டும்.

88 டெசிபல் ஸ்பீக்கரில் 4 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தம், 94 டெசிபல் ஸ்பீக்கரில் 1 வாட்டிலேயே வந்துவிடும். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் உணர்திறன் சுமார் 83 டெசிபல்தான். 6 வாட்ஸில் 88 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை அது தர, கிட்டத்தட்ட 19 வாட்ஸ் தேவை. நல்ல ஸ்பீக்கர்தான், 4440 போர்டுக்குப் பொருந்தாத ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

இதை வீட்டுக்கு வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வரும். 88 டெசிபல், 8 ஓம் யூனிட் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டேகால் வாட்ஸ். சாதாரண அறையில் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உச்சத்தில் சுமார் 90 டெசிபல் கிடைக்கும். பாட்டில் வரும் தாள அடிகள் சராசரியை விட 10 முதல் 15 டெசிபல் வரை மேலே எழும் என்பதால், சராசரி 75 முதல் 80 டெசிபல். இருவர் பேசிக்கொள்ளும் சத்தம் சுமார் 60 டெசிபல் என்பதோடு ஒப்பிட்டால், பாட்டு கேட்க இது போதும் போதும் என்னும் அளவு.

ஒரு எச்சரிக்கை. சில டேட்டாஷீட்டில் '1 வாட்' என்பதற்குப் பதில் '2.83 வோல்ட்' என்று இருக்கும். 8 ஓம் யூனிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் யூனிட்டுக்கு 2.83 வோல்ட் என்றால் 2 வாட்ஸ் போகிறது என்று அர்த்தம். எனவே 4 ஓமில் 90 என்று போட்டிருந்தால், ஒரு வாட் கணக்கில் அது 87தான்.

சின்ன பாக்ஸ், நல்ல பேஸ், அதிக சத்தம்: மூன்றும் கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்காவின் கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'ஹெச்' யாரைக் குறிக்கிறதோ, அந்த ஹாஃப்மன் சொன்ன விதி இது. சின்ன பாக்ஸ், ஆழமான பேஸ், உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே எடுக்க முடியும். மூன்றையும் கேட்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான்.

கடையில் விற்கும் கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் சின்னதாக இருந்துகொண்டே பேஸ் கொடுக்கிறதே என்று தோன்றலாம். அது உணர்திறனை விட்டுக்கொடுத்து, எலக்ட்ரானிக்ஸ் மூலம் பேஸை ஏற்றுகிறது. அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் நேர் எதிர். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் மேஜை ரேடியோக்களில் இருந்தது சில வாட்ஸ் மட்டுமே. லேசான காகித கோன், பெரிய மரப்பெட்டி. அதனால்தான் அந்தச் சில வாட்ஸ் திண்ணை வரை கேட்டது.

குறைந்த வாட்ஸ் வைத்திருப்பவர் உணர்திறனை விட்டுக்கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது இரண்டு வழி. பாக்ஸைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஆழமான பேஸை மறக்க வேண்டும்.

என்னென்ன டிசைன்கள் இருக்கின்றன?

*மண்பானை:* தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் சலூன்களிலும் பார்த்திருப்போம். பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கர், உள்ளே காற்று, அவ்வளவுதான். இதைப் பலர் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். ஆனால் இதில் அறிவியல் இருக்கிறது. ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் கலந்தால் பேஸ் காணாமல் போய்விடும். பானை அந்த இரண்டையும் பிரிக்கிறது. சுட்ட மண் கெட்டியானது. வளைந்த சுவர் எளிதில் அதிராது. வெளிப்புறம் உருண்டையாக இருப்பதும் லாபம். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வாளர் ஹாரி ஓல்சன், பல வடிவப் பெட்டிகளில் ஸ்பீக்கரை மாட்டிச் சோதித்து 1951-ல் முடிவுகளை வெளியிட்டார். அதில் ஒலி மிகச் சீராக வந்தது உருண்டை வடிவத்தில்தான். பானையின் குறை, குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் 'கும்' என்று இழுப்பது. உள்ளே பஞ்சு போட்டால் அது குறையும்.

*சீல்டு பாக்ஸ்:* காற்றுப் புகாமல் மூடிய பெட்டி. செய்ய எளிது, கணக்கும் எளிது. சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பேஸ் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாகக் குறையும்.

*ஓட்டை வைத்த பாக்ஸ்:* பேஸ் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ் 1932-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் 'கும்' ஒலியை மாற்றுவாரே, அதே காற்று அதிர்வுதான் இங்கும். வாட்ஸ் கூட்டாமலே பேஸ் கூடும். ஆனால் குழாயின் நீளம், அகலம் தப்பினால் பாட்டு முழுக்க ஒரே சுருதியில் இரையும்.

*டூ-வே:* ஊஃபர், ட்வீட்டர், நடுவில் கிராஸ்ஓவர். நல்ல பலன் தரும். ஆனால் இரண்டு யூனிட்டையும் சத்தத்தில் சமமாக்க வேண்டும். காயில், கண்டென்சர் மதிப்புகளை அந்த யூனிட்டுகளை அளந்து முடிவு செய்ய வேண்டும். கடையில் ரெடிமேடாக விற்கும் கிராஸ்ஓவர் எந்த யூனிட்டுக்காகவும் செய்ததல்ல.

*கூம்பு ஹார்ன்:* ஆடி மாதம் கூழ் வார்க்கும் விழாக்களில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊர் எல்லை வரை கேட்டதற்குக் காரணம், உணர்திறன் 100 டெசிபலைத் தாண்டும். ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. அறிவிப்புக்குச் சரி. வீட்டில் பாட்டு கேட்க ஆகாது. பேஸையும் சேர்த்துத் தரும் மடிப்பு ஹார்ன் பெட்டிகளும் உண்டு. அவற்றின் மர வேலை முதல் முறை செய்பவருக்கானது அல்ல.

அப்போ, முதல் முறைக்கு எது?

4 முதல் 6 இன்ச் ஃபுல்ரேஞ்ச் யூனிட் ஒன்று, சீல்டு பாக்ஸில். கையில் நல்ல பானை இருந்தால் அதுவும் சரி. ஃபுல்ரேஞ்ச் என்றால் ஒரே கோன் பேஸ், குரல், ஜால்ரா மூன்றையும் தருவது. கிராஸ்ஓவர் கிடையாது. அதனால் அதில் வீணாகும் வாட்ஸும் கிடையாது. நமக்கு மிகத் தேவையான குரல் பகுதி முழுக்க ஒரே இடத்தில் இருந்து வரும்.

இழப்பது என்ன? தியேட்டர் மாதிரி அதிரும் பேஸ் வராது. தவில் அடி கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கும். குத்துப்பாட்டைக் கும்மென்று கேட்பதுதான் ஆசை என்றால் அதற்குத் தனி சப்-ஊஃபரும் அதற்கு ஒரு ஆம்பிளிஃபயரும் பிறகு சேர்க்கலாம். இந்த பாக்ஸ் அப்போதும் வீணாகாது.

பாக்ஸ் எத்தனை லிட்டர்? கணக்கு இதுதான்

'பெரிய பாக்ஸ் செஞ்சா போதும்' என்பது பாதி உண்மை. எந்த யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கிய முறை அது. டேட்டாஷீட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்.

• எஃப்எஸ்: யூனிட் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்.
• க்யூடிஎஸ்: அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதன் அளவு.
• விஏஎஸ்: கோனின் இழுவிசைக்குச் சமமான காற்று, லிட்டரில்.

க்யூடிஎஸ் சுமார் 0.4 முதல் 0.7 வரை என்றால் சீல்டு பாக்ஸுக்கு ஏற்றது. 0.3 முதல் 0.4 வரை என்றால் ஓட்டை வைத்த பாக்ஸ். 0.7-ஐத் தாண்டினால் பெட்டியே இல்லாத பலகை டிசைன்.

உதாரணத்துக்கு ஒரு 5 இன்ச் யூனிட்: எஃப்எஸ் 80, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீரான ஒலிக்கு எல்லோரும் குறிவைக்கும் எண் 0.707.

1. 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.57.
2. அதை அதாலேயே பெருக்கினால் 2.47.
3. அதில் 1 கழித்தால் 1.47.
4. 12 லிட்டரை 1.47-ஆல் வகுத்தால் சுமார் 8.2 லிட்டர். இதுதான் பாக்ஸ்.
5. எஃப்எஸ் 80-ஐ 1.57-ஆல் பெருக்கினால் 126 ஹெர்ட்ஸ். இதற்குக் கீழே பேஸ் குறைந்துகொண்டே போகும்.

ஸ்பீக்கரின் பின்புறம் அடைக்கும் இடத்தையும் சேர்த்து, உள் அளவு 17 × 20 × 25 சென்டிமீட்டர் வைத்தால் 8.5 லிட்டர். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு பாக்ஸுக்கு வெட்ட வேண்டியவை:

• முன், பின்: 20.6 × 28.6 செ.மீ., 2 துண்டு
• பக்கவாட்டு: 20 × 28.6 செ.மீ., 2 துண்டு
• மேல், கீழ்: 17 × 20 செ.மீ., 2 துண்டு

இரண்டு பாக்ஸுக்கும் சேர்த்து 8×4 அடி ஷீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். முழு ஷீட் வாங்காமல் மரக்கடையில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள்.

பானை என்றால் கணக்கு இன்னும் சுலபம். ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணினால் கொள்ளளவு தெரிந்துவிடும். நன்றாகக் காயவைத்த பிறகே ஸ்பீக்கரை மாட்ட வேண்டும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

• மாடல் எண்ணும் டேட்டாஷீட்டும் உள்ள யூனிட். 'நல்ல சவுண்டு சார்' என்பது டேட்டாஷீட் ஆகாது.
• உணர்திறன் 88 டெசிபல் அல்லது அதற்கு மேல்.
• போர்டு தாங்கும் ஓம். 4440, 3116 இரண்டும் 4 ஓமில் ஓடும். ஹீட் சிங்க் கட்டாயம். 8 ஓமில் வாட்ஸ் குறையும், சூடும் குறையும்.
• 'எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர்?' என்பது கடைசிக் கேள்வி. அது தாங்கும் சக்தி மட்டுமே. 100 வாட்ஸ் ஸ்பீக்கர் என்பதால் 4440-ல் சத்தம் கூடாது. கனமான கோன் கொண்ட கார் சப்-ஊஃபர் என்றால் குறையவே செய்யும்.

வீட்டில் பழைய டிவி ஸ்பீக்கர் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அரசு கொடுத்த இலவச டிவி உட்பட பழைய டியூப் டிவிகளில் இருப்பது லேசான காகித கோன்தான். மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 எனக் காட்டும்; 4 ஓம் என்றால் மூன்றரை பக்கம். டேட்டாஷீட் கிடைக்காது என்பதால் இதை வைத்துப் பிளைவுட் வெட்டாமல், பானையில் சோதித்துப் பழகுவது நல்லது. செலவே இல்லாத பயிற்சி.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்

*காற்றுக் கசிவு:* சீல்டு பாக்ஸின் மொத்தக் கணக்கும் காற்று வெளியேறாது என்பதை நம்பித்தான் இருக்கிறது. மூலைகளில் ஃபெவிகால் வழிய வழியப் பூசுங்கள். ஒயர் வெளிவரும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடையுங்கள். ஸ்பீக்கர் வளையத்துக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். உள்ளே தலையணையில் போடும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள்.

*பிளஸ், மைனஸ் மாற்றம்:* இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

*மைனஸைச் சேர்த்துக் கட்டுவது:* 3116, 8403 போர்டுகளில் இரண்டு சேனல் மைனஸையும் ஒன்றாக இணைக்கவே கூடாது. போர்டு போய்விடும்.

*தவறான அடாப்டர்:* 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை 4440-ல் மாட்டக் கூடாது. அது ஓடும் வரம்பு 18 வோல்ட். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து சப்ளை செய்யும் வேலையை முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள். மூடிய அடாப்டரே பாதுகாப்பு.

*பிசிறு அடிக்கும் வரை ஏற்றுவது:* வால்யூமைத் திருகத் திருகச் சத்தம் கூடாமல் கரகரப்பு மட்டும் கூடினால், ஆம்பிளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ட்வீட்டர் உள்ள செட்டுகளில் ட்வீட்டர் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த வாட்ஸ் என்பதால் ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

*எங்கே வைப்பது:* அறை நடுவில் ஸ்டாண்டில் வைத்தால் பேஸ் நாலாபக்கமும் சிதறிவிடும். இந்த மாதிரிச் சின்ன பாக்ஸைச் சுவரை ஒட்டி, காது உயரத்தில் அலமாரியில் வையுங்கள். ஒரு வாட் கூடச் செலவில்லாமல் பேஸ் கூடும்.

சத்தத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்தில் இருந்து வரும் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அறைக்குள் 75 டெசிபலில் கேட்கும்போது கதவைச் சாத்தினால் இது பெரும்பாலும் பிரச்னை ஆகாது. ஜன்னலில் வைத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பினால்தான் வம்பு.

கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு

கடைக்குப் போகும்போது பையில் இருக்க வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு: போர்டின் பெயர், அடாப்டர் வோல்ட், தாங்கும் ஓம், 88 டெசிபலுக்கு மேல், 4 முதல் 6 இன்ச் ஃபுல்ரேஞ்ச், க்யூடிஎஸ் 0.4 முதல் 0.7. இதில் ஒன்றுக்குக் கடையில் பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த யூனிட்டை வாங்காமல் திரும்புங்கள். பஸ் காசு போனாலும், பிளைவுட் காசு மிச்சம்.